தலைவிக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பாட்டுகள்

தலைவி அந்த ஸ்பீக்கரை மேசை மேல் வைக்கவே விட மாட்டாள். ஒரு சின்னச் சொம்பு அளவுதான் இருக்கும், நீல நிறம், செல்போனிலிருந்து பாட்டை வாங்கிப் பாடும். நாங்கள் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்போம். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரை மடியில் வைத்து, பூனைக்குட்டியைப் பிடித்திருப்பது போல இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அணைத்திருப்பாள். பாட்டு ஓட ஆரம்பித்ததும் கண்களை மூடிக்கொள்வாள். பதினைந்து வயதில் அந்த முகத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுக் குழுவின் முன்வரிசையில் நிற்பவர்களிடம்கூட நான் அப்படியோர் ஒன்றிப்போன முகத்தைக் கண்டதில்லை. அவள் அந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு விளங்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. விளங்கிய அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால், மருந்துக்கடை ஜன்னலில் கை நிறைய மாத்திரைப் பட்டைகளோடு நிற்கும்போதுகூட, உடம்பு ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறது.

மன்றம் தொடங்கியபோது தலைவிக்குப் பதினாறு வயது. ஏற்காட்டில் மிஷன்காரர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் பிளஸ் ஒன், நான் பத்தாம் வகுப்பு. அவளுடைய அத்தா கடைவீதியில் மிளகும் காப்பித்தூளும் தைலமும் விற்கும் கடை வைத்திருந்தார். இரண்டு தலைமுறைக்கு முன்னால் சேலத்திலிருந்து மலையேறி வந்த முஸ்லிம் குடும்பம். என் அப்பா வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களின் பெயரைப் பதிந்து யார் யார் எந்தக் காட்டுக்கு என்று பிரித்து அனுப்பும் வேலை. நான் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். என் கணக்கு நோட்டின் பின்னட்டையில் தென்கொரியாவைச் சேர்ந்த ஐந்து பையன்களின் படம் ஒட்டியிருந்தது. ஒரு நாள் பஸ்நிறுத்தத்தில் தலைவி வந்து அந்த நோட்டைக் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். எந்த ஆல்பத்துக்கு எடுத்த படம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள். பிறகு, எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வது போலச் சாதாரணமாக, "சினிமாக்காரங்களுக்கெல்லாம் ஊருக்கு ஊரு மன்றம் இருக்குது. இவங்களுக்கு இந்த மலையில ஒண்ணுமில்ல. நாம ஆரம்பிச்சிரலாம். நீதான் செயலாளர்" என்றாள். நான் சம்மதித்தேனா என்று அவள் கேட்கவே இல்லை.

அந்தக் குழுவின் பெயரை எங்கள் ஊரில் ஒருவரும் சரியாக உச்சரித்ததில்லை. அதனால் தலைவி அவர்களுக்கு 'ஐவர்' என்று பெயர் வைத்தாள். மன்றம் 'ஏற்காடு ஐவர் ரசிகைகள் மன்றம்' ஆயிற்று. துணைத்தலைவியாகக் கிளியூரிலிருந்து ஒருத்தி சேர்ந்தாள். அவளுடைய அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகிறவர். எங்கள் எல்லோரிலும் நன்றாக ஆடக்கூடியவள் துணைத்தலைவிதான்; வாயும் அதற்கேற்ற மாதிரி. ஒரு வருடத்துக்குள் பதினோரு பேர் ஆனோம். கடைக்கு மேல் இருந்த சரக்கறையைத் தலைவியின் அத்தா எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். மிளகு மூட்டைகளுக்கு நடுவே சனிக்கிழமை மதியம் கூட்டம். எங்கள் துணியெல்லாம் அன்றைக்கு மிளகு வாசம் அடிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் தும்முவார்கள்.

ஐவரில் ஒருவனுக்குப் பிறந்தநாள் வந்தபோது சேலத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து வந்து பஸ்நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டினோம். வெளிர்ந்த முகமும் ஊதா முடியுமாக அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே பெரிய எழுத்தில் எங்கள் பதினோரு பேரின் பதவி மட்டும். பெயர் போட்டால் வீட்டில் அடி விழும் என்று தலைவி அப்படி ஏற்பாடு செய்திருந்தாள். அந்தப் பக்கமாக வந்த ஜீப் டிரைவர் ஒருவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் புள்ள எந்த ஊருங்க, பாவம், எப்படித் தவறிப்போச்சுங்க?" என்று என்னிடம் கேட்டார். கண்ணீர் அஞ்சலி பேனர் என்று நினைத்துவிட்டார். அன்று நாங்கள் அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரொட்டியும் ஆரஞ்சும் கொடுத்தோம். தலைவி ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், கொரியாவில் ஒரு பையனுக்கு இன்றைக்குப் பிறந்தநாள், அவனை வாழ்த்துங்கள் என்று கேட்டாள். ஒரு பெரியவர் இரண்டு கையையும் உயர்த்தி வாழ்த்தினார். தலைவிக்குக் கண் கலங்கியது. நாங்கள் சிரித்தோம்.

மன்றத்தில் ஒரே ஒரு விதி கட்டாயமாக இருந்தது. புதுப் பாட்டு வந்தால் அதை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவர வேண்டும். வரிகளின் பொருளை எழுதத் தேவையில்லை; அது இணையத்தில் கிடைத்துவிடும். பாட்டு எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். முதலில் எந்தக் குரல் வருகிறது, அது எங்கே ஏறுகிறது, எங்கே உடைகிறது, பின்னால் என்ன வாத்தியம், மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா. எனக்கு இது பள்ளிக்கூடத்தைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. நான் ஒரு தடவை 'இந்தப் பாட்டு நொம்ப சோகமாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். தலைவி அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "சோகம்னு எழுதாத. அது எந்த எடத்துல இருக்குது? தொண்டையிலயா, மூக்குலயா? அழறதுக்கு முன்னாடி வர்ற மாதிரியா, அழுது முடிச்சப்பறமா?" என்றாள். நான் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டை இருபது தடவை கேட்டேன். அழுது முடித்த பிறகு, தூங்கப் போகும் குழந்தை விடுகிற கடைசி விம்மல் போல என்று எழுதினேன். தலைவி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு வந்த பெருமை பிறகு எந்தத் தேர்விலும் வரவில்லை.

ஐவரில் மூன்றாமவன் மீதுதான் தலைவிக்கு உயிர். அவனுடைய குரல் மிக மெல்லியது, உச்சத்துக்குப் போகும்போது ஒரு பெண் குரல் போல ஒலிக்கும். அவன் பாடும் இடங்களைப் பற்றி மட்டும் தனியாக, விரிவாக எழுதச் சொல்வாள். எழுதியது போதாது என்று வாயாலும் சொல்லச் சொல்வாள். கண்ணாடி டம்ளரின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் வரும் சத்தம் போல என்று யாரோ ஒருத்தி சொன்னபோது, கீழே போய் டம்ளர் எடுத்துவரச் சொல்லி, தேய்த்துக் காட்டச் சொன்னாள். நாங்கள் தேய்த்தோம். அது பாடியது. தலைவி டம்ளர் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

இப்போது எழுதும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அப்போது ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாமல் இருக்கிறது. பின்னாலிருந்து கூப்பிட்டால் தலைவி திரும்ப மாட்டாள். பதவி வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று துணைத்தலைவி சொல்வாள், நானும் ஆமாம் போடுவேன். போனில் அழைத்தால் எடுக்க மாட்டாள், எழுதித்தான் அனுப்ப வேண்டும். பாடச் சொன்னால் உதட்டை மட்டும் அசைப்பாள். தலைவி பாடக் கூடாது என்று அவளே ஒரு விதியும் வைத்திருந்தாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கோபம் வரும். ஏரிக்கரைச் சாலையில் ஒரு முறை பின்னால் ஒரு ஜீப் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. அவள் நடுரோட்டில் அசையாமல் போய்க்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். ஜீப் உரசிக்கொண்டு போனது. அவள் முகம் வெளுத்திருந்தது. ஏதோ யோசனையில் இருந்துவிட்டதாகச் சொன்னாள். அடுத்த நிமிடமே, இதை அம்மாவிடம் சொல்லாதே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை. எதற்காகச் சொல்லக் கூடாது என்று கேட்கவும் இல்லை.

அவள் பிளஸ் டூ படித்த வருடம், பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் மன்றத்துக்கு ஒரு நடனம் கிடைத்தது. அதை வாங்குவதற்குத் தலைவி ஹெச்.எம். அறைக்கு எத்தனை முறை நடந்தாள் என்று எனக்கே தெரியாது. சரக்கறையில் மூட்டைகளை ஒதுக்கிவைத்து ஒரு மாதம் பழகினோம். ஐந்து பேர் ஆட வேண்டும். தலைவி முன்னால் நடுவில், துணைத்தலைவியும் நானும் இன்னும் இருவரும் பின்னால். சொல்லிக் கொடுக்கும்போது அவள் பாட்டைச் சொல்லவே மாட்டாள். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணுவாள். அந்தப் பாட்டில் மொத்தம் எத்தனை எட்டு என்று அவளுக்குத் தெரியும்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் ஒரு சண்டை நடந்தது. மைக் செட்காரர் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை ஹாலின் கடைசியில், வாசலுக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்தார். தலைவி அவற்றை மேடைக்குக் கீழே, தன் காலடிக்கு நேராக வைக்கச் சொன்னாள். விருந்தினர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள், அவர்கள் காதில் இரையும், முடியாது என்றார்கள். அவள் விடவில்லை. கெஞ்சினாள். பிறகு கத்தினாள். மேடை சிமெண்ட், அதன் மேல் தடிமனான கம்பளம் வேறு விரித்திருந்தார்கள். கம்பளத்தையாவது எடுங்கள் என்றாள். அதற்கும் ஒப்பவில்லை. எங்களுக்கெல்லாம் வெட்கமாகப் போயிற்று. இவளுக்கு மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம் என்று துணைத்தலைவி என் காதில் கேட்டாள்.

மறுநாள் மதியம் விழா. வெளியே பனி இறங்கி ஜன்னல்களெல்லாம் வெள்ளையாக இருந்தன. ஹால் நிறையப் பெற்றோர்கள். தலைவியின் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அப்பா எஸ்டேட்டிலிருந்து நேராக வந்து சுவர் ஓரமாக நின்றிருந்தார். பாட்டு தொடங்கியது. முதல் பாதி, சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் பழகியதையெல்லாம்விட நன்றாக இருந்தது. கீழே இருந்த பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

அப்புறம் பாட்டு நின்றுவிட்டது. ஒயர் எங்கோ கழன்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. விளக்குகள் எரிந்தன, பாட்டு மட்டும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம். தலைவி நிற்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுத்த எட்டுக்குப் போனாள். கையை உயர்த்தினாள், வளைந்தாள், குதித்தாள். அவள் செருப்பு கம்பளத்தில் உரசும் சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. ஹாலில் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு, பாட்டே இல்லாமல் ஆடுகிறாள், என்ன துணிச்சல் என்று நினைத்தோ என்னவோ, கைதட்ட ஆரம்பித்தார்கள். தட்டும் கைகளை அவள் பார்த்தாள். அவளுடைய ஆட்டம் இன்னும் வேகம் எடுத்தது. மூன்றாமவன் உச்சக் குரலில் பாட வேண்டிய இடத்தில், பழகியது போலவே, கழுத்தை மேலே நிமிர்த்தி வாயைத் திறந்தாள். கைதட்டல் அடங்கியிருந்தது, ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவது வரிசையில் அவள் அம்மா எழுந்து நின்றார். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மெதுவாக அமர்த்தினார். நின்றுவிடு கண்ணு, பாட்டு நின்றுபோயிற்று என்பது அதன் பொருள். தலைவி அந்தக் கைகளைப் பார்த்தாள். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தாள். நாங்கள் நான்கு பேரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றிருந்தோம். அப்போது அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எழுத எனக்கு இன்றுவரை வரவில்லை.

அந்த அம்மாவின் கைகள்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. அது அவர்கள் வீட்டுக்குள் பலமுறை புழங்கிய சைகை. ஸ்பீக்கர், டம்ளர், ஜீப், எட்டு வரை எண்ணுவது, பக்கம் பக்கமாக நாங்கள் எழுதிக் கொடுத்தது எல்லாம் ஒரே நேரத்தில் என் மேல் வந்து விழுந்தன. இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். மேடையின் மறுபக்கம் இறங்கியதும், துணைத்தலைவியையும் மற்றவர்களையும் பார்த்து நான் சொன்னேன்: "அவளுக்குக் காதே கேக்காதுடி. இத்தன நாளா நம்மள ஏமாத்தியிருக்கா." கிசுகிசுத்துக்கூடச் சொல்லவில்லை. தலைவி மேடையின் எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தாள்; ஹெச்.எம். அவள் தோளைப் பிடித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரத்தில் அவளுக்கு எப்படிக் கேட்கப்போகிறது என்ற நினைப்பு அந்த நொடியிலும் எனக்குள் ஓடியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

வீட்டுக்கு அப்பாவோடு பஸ்ஸில் போனேன். இறங்கி எஸ்டேட் பாதையில் நடக்கும்போது அவர், "அந்தப் புள்ளகூட ரெண்டு வருசமா ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சியே கண்ணு, உனக்குத் தெரியவே இல்லியா?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். நான் இல்லை என்றேன்.

சனிக்கிழமைக்குள் நாங்கள் முடிவு எடுத்துவிட்டோம். பாட்டே கேட்காதவள் பாட்டு மன்றத்துக்கு எப்படித் தலைவியாக இருக்க முடியும் என்று துணைத்தலைவி கேட்டாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவளிடம் நேரில் சொல்வது செயலாளரின் வேலை என்றார்கள். எல்லோருமாக மாடிப்படி ஏறினோம். சரக்கறையில் தலைவி இல்லை. மேசை மேல் ஃப்ளெக்ஸைச் சுருட்டி வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் மன்றத்தின் சீல், அவளுடைய உறுப்பினர் அட்டை, நீல ஸ்பீக்கர். உடல்நிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று இரண்டு வரியில் ஒரு கடிதம். எங்களுக்கு ஒரு வேலையும் வைக்காமல் அவளே முடித்துவிட்டிருந்தாள்.

அவள் அம்மா டீ கொண்டுவந்தார். எங்கள் முன்னாலேயே மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"எட்டாவது படிக்கறப்ப ஒரு காய்ச்சல் வந்துச்சு கண்ணு. அப்பறந்தான் தெரிஞ்சுது. சேலத்துல டாக்டரு பாத்துட்டு, கொஞ்சங் கொஞ்சமா முழுசும் போயிரும்னு சொல்லிட்டாரு. கீச்சுக் கொரலு மொதல்ல போச்சு. மோளச் சத்தமாட்டம் கனமா வர்றது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்குது. எல்லாம் போறதுக்குள்ள எனக்குப் புடிச்சதக் கேட்டு வெச்சுக்கறேம்மான்னு சொன்னா. வேண்டாம்னு எப்படிச் சாமி சொல்றது?"

ஊருக்குத் தெரிந்தால் பள்ளியை விட்டு நிறுத்தச் சொல்வார்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாங்களெல்லாம் போன பிறகு தலைவி இங்கேயே உட்கார்ந்திருப்பாளாம். நாங்கள் எழுதிய தாள்களை மடியில் பரப்பிக்கொண்டு, ஸ்பீக்கரைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திவைத்து, ஒரு வரி படிப்பதும் ஒரு வரி பாட்டைக் கேட்பதுமாக இருப்பாளாம். சொன்னதற்கு அடையாளமாக அவர் கீழே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். ஒன்றரை வருடத் தாள்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தலைவியின் பென்சில் எழுத்து. 'இது எனக்குக் கேட்கிறது.' 'இது கேட்கவில்லை.' பிந்திய தாள்களில் இரண்டாவது வாக்கியம்தான் அதிகம். நான் குழந்தையின் விம்மல் பற்றி எழுதிய தாள் மேலேயே இருந்தது. அதன் ஓரத்தில், 'கேட்கவில்லை. ஆனால் தெரிந்தது' என்று இருந்தது.

"அந்த மூணாவது பையன் கொரலு மட்டும் அவளுக்கு ஒரு நாளுங் கேட்டதே இல்லியாம் கண்ணு. நீங்க எல்லாரும் சொல்லித்தான் அவளுக்கு அவனப் புடிச்சுது" என்றார் அம்மா.

துணைத்தலைவி அழுதுவிட்டாள். இதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். நாங்கள் கீழே இறங்கிப் போய் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அவள் கீழேதான், கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் இருந்தாள். நாங்கள் பதினோரு பேரில் பத்துப் பேர் அங்கே இருந்தோம். ஒருத்தி முதலில் எழுந்திருந்தால் மற்றவர்களும் போயிருப்போம். செயலாளர் நான், நான் எழுந்தேன், ஃப்ளெக்ஸையும் சீலையும் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டேன், வருகிறோம் அம்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மூடியிருந்த அந்த அறைக் கதவைத் தாண்டித்தான் எல்லோரும் வெளியே வந்தோம். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தோம்.

துணைத்தலைவி தலைவியானாள். மன்றம் மூன்று மாதம்கூட ஓடவில்லை. பாட்டை எழுதி வாங்க ஆளில்லாதபோது, வெறுமனே உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில் யாருக்கும் சுவாரசியம் இல்லை. பழைய தலைவி பொதுத்தேர்வு எழுத மட்டும் பள்ளிக்கு வந்தாள். ஹால் வாசலில் என்னைக் கடந்து போனாள். நான் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன். கோடையில் அவளைத் திருச்சிக்குப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் மருந்தியல் படித்து, சேலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. எட்டு வருடம் போய்விட்டது. அன்றைக்கு நான் பேசியது அவளுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த ஆறுதல்.

போன மாதம் ஒரு பெரியவர் மருந்து வாங்க வந்தார். எந்த மாத்திரை காலையில், எது சாப்பிட்ட பிறகு என்று நான் மடமடவென்று சொன்னேன். அவர் தலையாட்டினார். ஏதோ உறுத்தியது. சாப்பாட்டுக்கு முன்னால் எத்தனை என்று திருப்பிக் கேட்டேன். அதற்கும் அதே சிரிப்போடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் தாளில் பெரிதாக எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டேன்.

பஸ் வளைவுகளில் ஏறும்போதுகூட அவள் அங்கே இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவிடம் விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். கடை அதே இடத்தில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் தலைவி நின்றிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், முக்காடு போட்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு அட்டை: 'எனக்குக் காது கேளாது. என் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசவும்.' ஊருக்கே மறைத்துவைத்தது, சுற்றுலாக்காரர்கள் குனிந்து படித்துவிட்டுப் போகும்படி அங்கே நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவள் என்னை அடையாளம் கண்டுவிட்டாள்.

"செயலாளர்" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், தேவைக்கு மேல் சத்தமாக வந்தது.

காது முழுசாகப் போய் ஐந்து வருடம் ஆகிறதாம். மிஷின் வைத்துப் பார்த்தாளாம், இரைச்சல்தான் வந்ததாம். திருச்சியில் சைகை மொழி படித்திருக்கிறாள், அங்கே சிநேகிதிகள் இருக்கிறார்கள். அத்தாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டதாகவும், சித்திரையில் நிக்காஹ் என்றும் சொன்னாள். என் வேலையை விசாரித்தாள், துணைத்தலைவிக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். அவள் இவ்வளவு இயல்பாக இருந்தது எனக்குத் தைரியம் கொடுத்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், உனக்கு அது தெரியாது என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"தெரியும்" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன். மற்றவர்களில் யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கோபம்கூட வந்தது.

"நீதான். ஹெச்.எம். என் முன்னாடி நின்னு என்னமோ பேசிட்டிருந்தாங்க, ஒண்ணும் புரியல. அவங்க தோளுக்கு மேல உன்னோட மூஞ்சி நேராத் தெரிஞ்சுது. அப்பெல்லாம் எனக்கு ஒதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கறது பாதிதான் வரும். ஒரு வார்த்த விடாம நான் முழுசாப் புரிஞ்சுக்கிட்ட மொதப் பேச்சு அதுதான்."

எட்டு வருடம். அந்த ராஜினாமாக் கடிதம், மூடிய கதவு, தேர்வு ஹால் வாசலில் என்னைக் கடந்து போன கால்கள், எல்லாவற்றிலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மிளகு பாக்கெட்டுகளின் வரிசை கண்முன்னால் கலங்கியது. தலை தானாகக் கவிழ்ந்தது. கீழே பார்த்தபடி, என்னை மன்னித்துவிடு என்றும் இன்னும் என்னென்னவோவும் சொன்னேன். நெடுநேரம் சொன்னதாக நினைவு. மேலே இருந்து ஒரு பதிலும் வரவில்லை.

பிறகு அவள் கை நீண்டு வந்து கல்லாவை இரண்டு தடவை தட்டியது.

"தலையக் குனியாத. நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியல."

நிமிர்ந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.